சேதாரக் கணக்கு

காகிதப்பட்டறை,
வேலூர்.

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். மீனாவுக்கு ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது என்பதால் இதைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கடைப் படத்தை அப்பா தெரு முழுக்கக் காட்டிவிட்டார். தான்சானியாவில் தங்கம் வாங்கும் கடைக்கே கணக்கு எழுதுகிறான் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கோ கண் மேஜைக்குப் பின்னால் போயிற்று. கேஸ் டார்ச், தங்கம் உருக்கும் கரி பிடித்த மூசை, நாலடி தள்ளி உன் நாற்காலி, அதன் கைப்பிடியை ஒட்டி மூடாத டீ டம்ளர். சுவரில் சாண் அளவு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன். அந்த ஃபேன் புகையை ஒழிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்குப் பரிமாறுகிறது.

பாதரசம் பற்றிப் போனில் கேட்டதற்கு, "ரசத்தைக் கையால் தொடுவதே இல்லை, அதெல்லாம் மண் அரிக்கிறவர்கள் வேலை" என்றாய். தொடுவதில் பெரிய ஆபத்து இல்லையப்பா. பாதரசத்தைத் தெரியாமல் விழுங்கினால்கூட அனேகமாக அப்படியே வெளியேறிவிடும். ஆவியாக மூக்கில் ஏறினால்தான் வினை. உள்ளே போவதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நுரையீரல் இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நம் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர்களைக் கல்தூசி இருமவாவது வைத்தது. 2001இல் சுரங்கம் மூடிய பிறகும் அந்த இருமல் ஓயவில்லை. இது இருமிக்கூடக் காட்டிக்கொடுக்காது.

உன் பேரேட்டை நீயே எடுத்துப் பார். மண்ணில் கிடக்கும் தங்கத்தை ரசம் பிடித்து உருட்டுகிறது. அந்த உருண்டையைச் சுட்டுப் பஞ்சு போல உன் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். நிறுக்கிறாய், உருக்குகிறாய், மறுபடி நிறுக்கிறாய். குறைந்ததைச் சேதாரம் என்று எழுதி மூடிவிடுகிறாய். அழுக்கு கொஞ்சம் போயிருக்கும். மீதி, சுட்டும் போகாமல் பஞ்சுக்குள் தங்கிய ரசம். அது 357 டிகிரியிலேயே கொதித்துவிடும்; தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். ஆகவே தங்கம் இளகுவதற்கு வெகு முன்பே ரசம் அறைக்குள் வந்தாயிற்று.

100 கிராமில் 5 கிராம் குறைந்தது, அதில் ஒரே ஒரு கிராம்தான் ரசம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் 25 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தொழிலிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. பத்தடிக்குப் பத்தடி அறையை அந்த வரம்புக்குக் கொண்டுவர ஒரு மில்லிகிராம் கூட வேண்டாம். நீ ஆயிரம் மில்லிகிராமைச் சேதாரத்தில் எழுதியிருக்கிறாய்! ஃபேன் இழுத்தது போக மீதி சுவரிலும் கூரையிலும் உன் சட்டையிலும் படியும். வெயில் ஏறினால் மறுபடி கிளம்பும். டார்ச் பற்றவைக்காத நாளிலும் நீ அதைத்தான் சுவாசிக்கிறாய்.

லாங் பஜாரில் பட்டறை வைத்திருந்த உன் தாத்தா கோயில் கலசங்களுக்கு ரசம் கலந்து முலாம் பூசியவர். கடைசிக் காலத்தில் டம்ளரைத் தூக்கினால் பாதிக் காபி வேட்டியில். முதுமையா ரசமா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கை நடுக்கம், ஈறு வீக்கம், வாயில் இரும்புச் சுவை, தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவைதான் இதன் அடையாளங்கள். நீ சிடுசிடுப்பதாக மீனா சொன்னாள். அது உன் அப்பா வழிச் சொத்து என்பதால் அதை மட்டும் வைத்து நான் முடிவு கட்டவில்லை.

முதலாளியிடம் பேசு. டார்ச்சை மூடிய கூண்டுக்குள் கொண்டுபோகச் சொல். புகை குளிர்ந்து ரசமாக இறங்க அதில் தடுப்புகள் வேண்டும். மிஞ்சுவதைப் பிடிக்கக் கந்தகம் ஏற்றிய கரி வடிகட்டி வேண்டும். பஞ்சு கொண்டுவருகிறவர்களையும் மூடிய பாத்திரத்தில் சுடச் சொல்லலாம். குழாய் வழியே திரும்பி வரும் ரசம் அவர்கள் காசு கொடுத்து வாங்கியதுதானே, மிச்சம் பிடித்தால் நஷ்டமா? கூண்டு வரும்வரை உன் மேஜை வேறு அறைக்குப் போக வேண்டும். துணி முகமூடியை நம்பாதே. துடைப்பம் போட்டுப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. கடைச் சட்டை கடையிலேயே இருக்கட்டும், மீனா அதைத் துவைக்கவே கூடாது. நஞ்சுக்கொடி இந்த ரசத்தைத் தடுத்து நிறுத்தாது, வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். அவள் உனக்குச் சாப்பாடு கொண்டுவருவதும் இன்றோடு நிற்கட்டும்.

பாலும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தால் முறிந்துவிடும் என்பார்கள், முறியாது. உன் சித்தப்பா ஒரு செந்தூரம் அனுப்பட்டுமா என்கிறார். லிங்கச் செந்தூரத்தில் இருப்பதே ரசம்தான் என்று சொல்லி அவரை உட்கார வைத்திருக்கிறேன். மருந்து தேவையா என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

பரிசோதனை சிறுநீரில்தான். இதற்கு அதுதான் சரி. காலையில் முதல் சிறுநீர், வீட்டில், குளித்து வேறு உடை மாற்றிய பிறகு. கடையில் பிடித்தால் சட்டைத் தூசி குப்பியில் விழுந்து கணக்கைக் கெடுக்கும். அந்த ஊரில் வசதி இல்லையென்றால் விடுமுறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. வேலையை விட்டுத் தள்ளியிருந்தால் இரண்டு மாதத்தில் பாதி வெளியேறிவிடும், அப்புறம் எண் குறைவாகக் காட்டி உன்னை ஏமாற்றும். பெரிய நகரத்துக்குப் போய்க் கொடு. சிறுநீரில் எப்போதும் இருக்கும் கழிவான கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு ரசம் 5 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் அன்றே அந்த அறையை விட்டு வெளியே வந்து மருத்துவரைப் பார், சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். மீனாவுக்கும் சேர்த்தே எடு.

முடிவு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. "நார்மல்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் ஏற்க மாட்டேன். எண், அலகு, மாதிரி எடுத்த நேரம் மூன்றும் வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா