கப்பல் முதலாளியின் நிலவறை

அன்பு நண்பர் சிவராமனுக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு நீங்கள் மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள், மனம் நிறைந்தது. சென்ற மாதம் மகள் குடும்பத்தோடு பிரான்சின் பிரித்தனிக் கடற்கரையிலுள்ள சேன் மாலோ என்ற துறைமுக ஊருக்குப் போயிருந்தேன். கட்டட வேலையிலேயே காலம் கழித்த நமக்குப் பிடிக்கக்கூடிய வீடொன்றை அங்கே பார்த்தேன்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநரும் கப்பல் முதலாளியுமான பிரான்சுவா ஓகுஸ்த் மகோன் தெ லா லாந்து 1725இல் கட்டிய மாளிகை அது. சாம்பல் நிறக் கருங்கல் சுவர், அளவெடுத்து அடுக்கிய சன்னல்கள், செங்குத்தான சிலேட்டுக் கூரை, உயர்ந்த புகைபோக்கிகள். அவ்வளவு பணம் வைத்திருந்தவர் முகப்பில் ஏன் இத்தனை சிக்கனம் காட்டினார் என்று முதலில் தோன்றியது. 1661ஆம் ஆண்டுத் தீயில் மரவீடுகள் எரிந்து போனதால் ஊர் கல்லுக்கு மாறியதும், ஊரைச் சுற்றிய கோட்டை மதிலை விரிவாக்கிய பொறியாளர் சிமெயோன் கராஞ்சோ மதிலோர வீடுகளை ஒரே சீராக வகுத்ததும் பின்னர்தான் நினைவுக்கு வந்தன.

என்னை நகரவிடாமல் நிறுத்தியது நிலவறை. மேலே குடும்பம், கீழே சரக்கு என்பதே கப்பல் முதலாளிகளின் வீட்டு ஏற்பாடு. மொத்த வீட்டையும் தாங்கும் கல் வளைவின் அடியில் நின்று சுவரில் கை வைத்தேன், கோடையிலும் சில்லென்றிருந்தது. இவ்வூர் வணிகர்கள் பெருவுக்குத் துணி ஏற்றிச் சென்று வெள்ளியோடு திரும்பியவர்கள்; 1719க்கு முன் சில ஆண்டுகள் நம் புதுச்சேரி வணிகத்தையும் குத்தகையாக நடத்தியவர்கள். 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே பிறந்ததும் இங்கேதான். அடிமை வணிகத்திலும் இவ்வூர்க் கப்பல்கள் ஈடுபட்டன என்பதை மறந்துவிட்டு அந்த வளைவை ரசிக்க என்னால் முடியவில்லை.

‘கடற்சூறையர் வீடு’ என்றுதான் இதைக் காட்டுகிறார்கள். நுழைவுச்சீட்டு விற்பதற்கு அந்தப் பெயர் உதவலாம். ஆனால் அரசனின் அனுமதிப் பத்திரத்தோடு எதிரிக் கப்பலைப் பிடித்த இவர்களுக்கு அதுவும் கணக்கெழுதிச் செய்த ஒரு தொழில்தான்.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்டில், குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த நகரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு அழிந்தபோது இவ்வீடு தப்பியது. லூயி அரெத்ஷ் என்ற கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் மற்ற வீடுகள் பழைய சாயலிலேயே கருங்கல்லால் எழும்பின. தெருவில் நடக்கையில் எது பழையது, எது புதியது என்று உடனே சொல்ல எனக்கே தெரியவில்லை. கல்லின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தே ஊகித்தேன்.

நிலவறைப் படங்கள் நான்கை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் வளைவு எந்தச் சுவரில் ஊன்றியிருக்கிறது என்று உற்றுப் பார்த்து எழுதுங்கள். எனக்கும் மருமகனுக்கும் அதில் இன்னும் வழக்குத் தீரவில்லை.

அன்புடன்,
வேணு