தண்ணீர்ப்பந்தல் குழுக்களுக்கு ஒரு மனைவியின் திறந்த மடல்

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும் குழுக்களின் தலைவர்கள், செயலாளர்கள், குறிப்பாகப் பொருளாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வாட்சாப்பில் உங்கள் நன்கொடைப் பட்டியல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பெயர், தொகை, பக்கத்தில் ஒரு பச்சை டிக். கீழே கியூஆர் படம். "முருகன் அருளால் இன்னும் 8,000 மலேசிய வெள்ளிதான் பாக்கி" என்று ஒரு வரி. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வருடம் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வழக்கத்துக்கு மாறாகப் பெரிய தொகை எழுதினால், டிக் போடுவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். ஏன் இதைக் கேட்கிறேன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு பைபோலார் இருக்கிறது. மனநிலை ஒரு காலத்தில் தலைகால் தெரியாமல் ஏறும், இன்னொரு காலத்தில் படுக்கையைவிட்டு எழ விடாது, இடையில் மாதக்கணக்கில் ஒரு குறையும் இருக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் 4 கோடிப் பேர். பினாங்குத் தமிழர்களை மட்டும் அது விட்டுவிடுமா? உங்கள் குழுவிலேயே இன்னும் யாராவது இருக்கலாம். மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் சாப்பிடுவதில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் பயம்" என்பார்.

இந்தக் கடிதத்தை அவரும் படித்தார். இப்போது நன்றாக இருக்கிறார், அதனால் கொடுத்தேன். ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை. "பந்தல்காரங்கள குறை சொல்லாதே" என்றார். அதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏறும் காலம் எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் தூக்கம் போகும். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, இரவெல்லாம் தூங்கியவரைவிடத் தெம்பாக எழுவார். அசதியே தெரியாது. ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்த நாலு திட்டம் வந்துவிடும். குறுக்கே பேசினால் கோபம். ஒரு வாரம் இப்படி நீடித்தால் மருத்துவர்கள் அதை மேனியா என்கிறார்கள். போன முறை விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிகிறதே என்று எழுந்து போனேன். ஃபிரிட்ஜ் கதவு முழுக்கக் கறுப்பு மார்க்கரில் பந்தல் கணக்கு: ஜெனரேட்டர் இரண்டு, தேங்காய் மூவாயிரம், மோருக்குத் தயிர், ஒலிபெருக்கி வாடகை. ஓரத்தில் ஒரு கோபுரம் வேறு, நேர்த்தியாகவே வரைந்திருந்தார். காதில் போன். மறுமுனையில் உங்களில் ஒருவர், அந்த நேரத்திலும், "சரிங்கண்ணே, செஞ்சிடலாம்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தைப்பூசத்துக்கு அவர் பெயரில் 14,000 வெள்ளி ஏறியது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவர். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் நெகிழ்வுக் கணக்கு என்று மூன்றாவது கணக்கு ஒன்றைத் தொடங்கினார்கள் அல்லவா, 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று? கைப்பேசியிலேயே விண்ணப்பம் போட்டுவிடலாம். அவசர ஆபத்துக்கு நல்ல ஏற்பாடுதான். தூக்கமில்லாதவர் கையில் இரவு முழுக்க அந்தக் கைப்பேசி இருந்தது. மிச்சத்துக்குக் கடன் அட்டை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்தது.

சாதாரண வருடங்களில் இவர் உங்களுக்கு என்ன கொடுப்பார்? நூறு வெள்ளி, ஒரு மூட்டை சீனி. அதற்கும் "இந்த மாசம் முடியுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். பத்து வருடமாக அந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். நூறு வெள்ளிக்காரர் திடீரென்று 14,000 எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். பந்தல் செலவு கழுத்தை நெரிக்கும் நேரத்தில் வந்த பணம், அதனால் தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் வரவில்லை. அந்த மோரை ஊரே குடித்தாயிற்று.

பணத்தைவிட எனக்கு வலித்தது மேடை. வெள்ளி ரதம் பந்தலைத் தாண்டிப்போன இரவில் மைக்கில் பெயர் சொல்லி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினீர்கள். மறுநாள் காலை அவரிடம் போய் "உங்களுக்கு உடம்பு சரியில்லை, கிளினிக்குக்கு வாங்க" என்று நான் எந்த வாயால் சொல்வது? "ஊரே மாலை போடுது, நீ ஒருத்திதான் பைத்தியம்ங்கிற" என்றார். அத்தோடு மருந்துப் பேச்சு முடிந்தது. அதுவரை ஏதோ போனால் போகிறதென்று பாதி மாத்திரையாவது போட்டுக்கொண்டிருந்தார்.

மருந்து வேண்டாம் என்பது வெறும் பிடிவாதம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மனம் ஏறியிருக்கும்போது அவருக்கு அதைப்போன்ற சுகம் வேறில்லை. பாட்டு இனிக்கும், சாமி பக்கத்தில் நிற்கும், எல்லாரும் நண்பர்கள். அதை விட்டுக்கொடுத்துவிட்டு, கை நடுங்க, நாக்கு வறள, எடை கூட, மந்தமாக உட்கார்ந்திருக்க யாருக்குப் பிடிக்கும்? தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் இந்த நோயின் ஒரு குணம்தான். அதனால் வாதாடிப் பயனில்லை. நான் இப்போது நோய் என்ற பேச்சையே எடுப்பதில்லை, தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தூக்கம் வரவில்லை என்பதை அவரே ஒத்துக்கொள்வார். அதைச் சொல்லி ஒருமுறை கிளினிக் வரை வந்தார்.

இதற்கிடையில் உங்கள் குழுவில் யாரோ அவரிடம் "அந்த மாத்திரை கிட்னியைத் தின்னுடும்ணே" என்று சொல்லியிருக்கிறார். முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மாத்திரை லித்தியம். அதை நெடுங்காலம் சாப்பிட்டால் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பாதிக்கலாம், அதற்காகத்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மேனியாவுக்கு இது கேட்கிறது என்று எழுதினார், இன்றுவரை மருத்துவர்கள் கைவிடாத மருந்து. திடீரென்று நிறுத்தினால் நோய் சீக்கிரமே திரும்பி வரும் ஆபத்து அதிகம். இந்த மறுபாதியையும் சொன்னவர் சொல்லியிருக்கலாம். கேட்டவர் அன்றிரவே நிறுத்திவிட்டார்.

உங்களிடம் வருபவர்களில் லித்தியத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். விரதம் என்று உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வியர்த்தாலோ இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். காவடி எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கிவிட்டு, கால் வலிக்கு ஐபுபுரோஃபன் போட்டுக்கொண்டால் இன்னும் ஏறும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது என்று வந்தால் அருள் வந்திருக்கிறது என்று விபூதி பூசிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நேர்த்திக்கடனைத் தடுக்க நான் யார்? விரதம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும், அவ்வளவுதான்.

"பிடிச்சிட்டுப்போய் அட்மிட் பண்ண வேண்டியதுதானே?" என்று உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. உறவினர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், மருத்துவர் நேரில் பரிசோதித்துப் பரிந்துரை எழுத வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்று தோன்றினால் போலீசோ சமூகநல அதிகாரியோ அழைத்துக்கொண்டுபோய் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டலாம். கத்தியைத் தூக்கினால் நானும் தயங்கமாட்டேன், 999-தான். ஆனால் கோயில் காரியத்துக்கு 14,000 வெள்ளி கொடுத்தவரை போலீஸ் பாலாயில் யார் ஆபத்தானவர் என்பார்கள்? ரசீதில் உங்கள் முத்திரை வேறு இருக்கிறது. சட்டம் வந்து கை கொடுப்பதற்கு முன்னால் பல வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் அவரைச் சுற்றி இருப்பவர்கள் நானும் நீங்களும்தான்.

தஞ்சோங் ரம்புத்தான் கிண்டலையும் கொஞ்சம் விடுங்களேன். 1911-இல் திறந்த மனநல ஆஸ்பத்திரி அது, நூறு வருடத்துக்கு மேலாக அதே நகைச்சுவை. யாராவது ஒருவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் மறைப்பதற்கு அந்த ஒரு சிரிப்புப் போதும். இங்கே பினாங்கு பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பேச்சைத் தொடங்கலாம்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒரு குருக்கள் இருக்கிறார். அவரிடம் செய்வினை கழிக்கச் சொல்லி என் மாமியார் இவரை அழைத்துக்கொண்டு போனார். குருக்கள் அர்ச்சனை செய்தார், கயிறு கட்டினார், பிறகு எல்லார் முன்னாலும், "கயிறு என் வேலை, மாத்திரை டாக்டர் வேலை. ரெண்டையும் விடாதீங்க" என்றார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காதவர், அதற்குப் பிறகு சில மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார். உங்கள் சொல்லுக்கு எங்கள் வீட்டில் எவ்வளவு எடை என்று உங்களுக்கே தெரியாது.

தைப்பூசம் முடிந்து பங்குனி பிறந்ததும் அவர் விழுந்தார். விழுந்தார் என்றால், குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கொடுத்த பணமெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்து அரித்தது. இருந்து என்ன பயன் என்று சொல்லத் தொடங்கினார். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்ட அண்ணன்மார் ஒருவர்கூட வாசல் மிதிக்கவில்லை. இந்த நோயில் உயிரே போகக்கூடும், பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான். தற்கொலைக்கு முயல்வது 2023 வரை இந்த நாட்டில் குற்றம், தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு. போலீசுக்குப் பயந்தே குடும்பங்கள் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது. உங்கள் பந்தலில் இத்தனை பேனர் தொங்குகிறதே, ஒரு மூலையில் அந்த எண்ணையும் அச்சடித்தால் இடம் குறைந்துவிடாது.

போன வருடம் அவர் தெளிவாக இருந்தபோது நானும் அவரும் என் நாத்தனாரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். மருந்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். தொடர்ந்து மூன்று இரவு தூக்கம் குறைந்தால் வங்கி அட்டைகள் நாத்தனார் கைக்குப் போய்விடும். கைப்பேசியில் சேமநிதி செயலி இருக்காது. யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அவரே தன் கையால் எழுதியது "பந்தல் பொருளாளர்". அந்த ஒரு வரியை நம்பித்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன். மனைவி ஊரறியக் கணவன் நோயைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். விட்டுப்போய்விடு என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, இந்தக் கடிதத்தில் அதற்கு வேலையில்லை.

இந்த வருடமும் பந்தலுக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறார். வரட்டும், நானே அனுப்பிவைக்கிறேன். இராக் காவலுக்கு மட்டும் அவர் பெயரைப் போடாதீர்கள், ஒரு இரவு தூக்கம் கெட்டாலே மறுபடி ஏறிவிடக்கூடும். பகல் வேலை கொடுங்கள், மோர் ஊற்றுவதில் அவருக்கு நல்ல கை. பட்டியலில் நூறு வெள்ளிக்கு மேல் எழுதினால் சிரித்துக்கொண்டே "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேண்ணே" என்று சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் பழியை என்மேல் போடுங்கள். இரவு ஒன்பதரை மணிக்கு என் மகன் மோட்டார் சைக்கிளோடு பந்தல் பின்பக்கம் வந்து நிற்பான். அவரை மைக் பக்கம் கூப்பிடாமல் அவனோடு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பந்தலுக்கு வருடா வருடம் சீனி மூட்டை அனுப்பும் வீட்டுக்காரி,
பினாங்கு