வால்யூமைத் தூக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க ப்ளீஸ்

நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கும் சவுண்ட் போர்டுல உக்காந்திருக்குற நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் ரெண்டு காதுலயும் மெஷின் போட்டிருக்குற ஆளு. பின்னாடி யாராவது கேக்கலன்னு கை காட்டுனா நீங்க உடனே வால்யூமைத் தூக்குறீங்க, நல்ல மனசு தான், ஆனா எங்க பிரச்சனை சத்தம் பத்தாதது மட்டும் இல்ல, தெளிவு. வயசானாலோ சத்தத்துல அடிபட்டாலோ காது முதல்ல தவற விடுறது பெரும்பாலும் கீச்சு சத்தங்களை, அதாவது ச, ஸ, ஃப மாதிரி எழுத்துங்களை. அதான் பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியலன்னு புலம்புறோம். நீங்க தூக்கும்போது கூடவே பேஸும் (bass, அந்த கனமான அடி சத்தம்) எதிரொலியும் கும்முனு ஏறி மிச்சம் இருக்குற எழுத்தையும் அமுக்கிடுது. இதுல இன்னொரு கொடுமை, சின்ன சத்தம் கேக்காத எங்கள்ல நிறைய பேருக்கு பெரிய சத்தம் சுள்ளுனு குத்தும், திடீர்னு மைக் கீச்சுனு கத்துனா மெஷினையே கழட்டி பாக்கெட்ல போட்டுக்குவேன், அதுக்கப்புறம் நான் அங்க சும்மா உக்காந்திருக்குற ஆளு தான்.

சரி எங்களை விடுங்க, நல்லா கேக்குற காதுங்க கதி? வேலை இடத்துக்கு நியாஷ் (NIOSH, அமெரிக்காவோட வேலையிட பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) சொல்ற கணக்குப்படி 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தான் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 வந்தா வெறும் 15 நிமிஷம். உள் காதுல சத்தத்தை உணர்ற முடி செல்லுங்க செத்தா மறுபடி முளைக்காது, மெஷின் போட்டாலும் பழைய காது வராது. உலக சுகாதார நிறுவனம் 2022ல இசை நிகழ்ச்சி இடங்களுக்குன்னே ஒரு தரநிலையைப் பரிந்துரை பண்ணிருக்கு: 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளந்துகிட்டே இருக்கணும், காதடைப்பான் கிடைக்கணும், அமைதியா ஒதுங்க ஒரு இடம் வேணும். காதை மதிக்கிற சவுண்ட்காரங்க தாங்களே காதடைப்பான் போட்டு வேலை செய்றாங்க, அப்போ ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ல உக்கார வைக்கிற குழந்தைங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?

அப்புறம் இந்த "மைக் வேணாங்க, என் குரலே போதும்" ஆசாமிங்க. தயவுசெஞ்சு அவங்க கைல மைக்கைத் திணிங்க. உங்க குரல் பின்னாடி வரைக்கும் போகும் சார், எழுத்து போகாது. கீழ இருந்து ஒருத்தர் கேள்வி கேட்டா அதை மைக்ல ஒரு தடவை திருப்பிச் சொல்லிட்டு பதில் சொல்லுங்க, இல்லன்னா எல்லாரும் சிரிக்கும்போது நாங்களும் சேந்து சிரிச்சு வைக்க வேண்டியதா இருக்கு. பேசுறவர் முகத்துல வெளிச்சம் விழணும், மைக் உதட்டை மறைக்கக் கூடாது, பாதி நாங்க உதட்டைப் பாத்து தான் புரிஞ்சுக்குறோம்.

முடிஞ்சா பேசுறதை ஸ்கிரீன்ல எழுத்தா ஓட விடுங்க. ஹாலைப் புதுப்பிக்கிற ஐடியா இருந்தா லூப் வயர் (மைக் சத்தத்தை காந்த அலையா அனுப்புற, ஹாலைச் சுத்தி ஓடுற வயர்) போடுங்க, டெலிகாயில் (அந்த அலையைப் பிடிக்கிற சின்ன கம்பிச்சுருள்) இருக்குற மெஷின்ல மைக் சத்தம் நேரா காதுக்கே வந்துடும், பக்கத்து சீட் இருமல் கூட அவ்வளவா வராது. இதெல்லாம் உங்க நிகழ்ச்சில இருக்கா இல்லையான்னு அழைப்புலயே ஒரு வரி போட்டுடுங்க, வரலாமா வேணாமான்னு நாங்க வீட்லயே முடிவு பண்ணிக்குறோம்.