காம்பல் எரிந்தபோது: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தை,

போன சனிக்கிழமை கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுத்துவிட்டு ஜாலான் டாங் வாங்கி வரைக்கும் நடந்தே போனேன். உங்கள் வாயில் அந்தச் சாலை இன்றைக்கும் பழைய பெயரில் ஜாலான் காம்பல்தான். காம்பல் என்ற பெயர் அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் நீங்கள் செருப்புக்கடையில் வேலை பார்த்த காம்பல் வணிக வளாகம், 1976 ஏப்ரல் 8, வியாழக்கிழமை பிடித்த தீயோடு போய்விட்டது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம்கூட இல்லை. மார்ச் மாதச் சம்பளம் அன்றோ மறுநாளோ வரவேண்டியது, வரவே இல்லை என்று அப்பா சொல்வார். நீங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கவுண்டருக்கு அடியில் கழற்றி வைத்த பழைய சிலிப்பரைத்தான் சொல்வீர்கள். கடைக்குள் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டே நிற்கவேண்டும், வீட்டுக்குப் போகும்போதுதான் சிலிப்பர். அன்றைக்குப் பார்த்து மறந்துபோய்க் குதிகால் செருப்போடேயே பஸ் ஏறிவிட்டீர்களாம்.

என் அலுவலகம் 18ஆவது மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அங்கே தீப்பயிற்சி நடந்தது. மாடிப்படிக் கதவைத் திறந்தபடி முட்டுக்கொடுத்து வைக்கக்கூடாது என்று பொம்பாக்காரர் (தீயணைப்பு வீரர்) ஒருவர் பொறுமையாக விளக்கினார். கதவு திறந்து கிடந்தால் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும், மேலே இருப்பவர்கள் இறங்க வழியிருக்காது. எனக்கு உடனே காம்பல் ஞாபகம்தான் வந்தது. இவ்வளவு உயரமான கட்டடத்தில் இப்படி ஒரு தீயை இந்த ஊர் அதற்கு முன்பு பார்த்ததில்லை. தீயணைப்புச் சேவை மத்திய அரசின் கீழ் வந்ததே அந்த ஆண்டு ஜனவரி 1 அன்றுதான், மூன்று மாதக் குழந்தை. கட்டடங்களுக்கான துணைச் சட்டங்கள் 1984இல் வந்தன. மேல்மாடி 30.5 மீட்டருக்கு மேல் போனால் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் குழாய் ஒவ்வொரு தளத்துக்கும் வரவேண்டும் என்பது அதில் உண்டு. தீயணைப்புச் சேவைச் சட்டம் 1988இல் வந்தது. எங்கள் மாடியில் அந்தச் சிவப்புக் குழாயைத் தினமும் கடந்து போகிறேன். இப்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.

சரி, நான் கேட்க வந்தது வேறு. காம்பல் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் தீயும் புகையும்தான். அதற்கு முந்தின நாள் அது எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. காலையில் ஷட்டரை யார் திறப்பார்கள்? மத்தியானச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? பத்து (Batu) ரோட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் உங்களிடம் தமிழிலேயே பேரம் பேசினார்களா? உங்களோடு நின்ற அந்தச் சீனப் பெண், அப்பா சொல்வாரே, அவர் அப்புறம் எங்கே வேலைக்குப் போனார்?

வரும் ஞாயிறு கிள்ளானுக்கு வருகிறேன், ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவருகிறேன். முதலில் உங்கள் செருப்புக்கடை எந்த மாடியில் இருந்தது என்பதைச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்