தங்கூசி வலை வேண்டாம்

விடத்தல்தீவு

அன்பின் ராசன்,

உன்ர கடிதம் கிடைச்சது. இங்கை எல்லாரும் சுகம், அம்மாவின்ர முழங்கால் மட்டும் பழையபடி. பதில் போடப் பிந்திப்போச்சு, கோவிக்காதை.

சங்கக் காசிலை எங்கட ஆக்களுக்கு வலை வாங்கப் போறம் எண்டு எழுதினாய். நல்ல மனசு. ஆனா பட்டியலிலை தங்கூசி வலையும் திருக்கை வலையும் எண்டு போட்டிருக்கிறியே, ஆரிட்டைக் கேட்டனி? சூசை அண்ணையிட்டையா? தங்கூசி, அந்த ஒற்றை இழை நைலோன் வலை, இங்கை இலங்கையிலை 2006இலேயே தடை. அது உக்காது, அறுந்து போன துண்டும் தன்பாட்டிலை பிடிச்சுக்கொண்டு கிடக்கும். அகலக் கண் திருக்கை வலை கடல்பன்றிக்கு, அதுதான் கடற்பசுவுக்கு, யமன்.

அதுக்குச் செவுள் இல்லை மச்சான். புல் மேயேக்கை சில நிமிசத்துக்கு ஒருக்கா மேலை வந்து மூச்செடுக்கும். பத்து நிமிசம் தாண்டுறது அரிது. செட்டை மாட்டினா உருளும், உருள உருள வலை இன்னும் சுத்தும். பின்னேரம் விட்ட வலையை விடிய இழுத்தா பிணம்தான் வரும்.

ஒண்டு செத்தா இன்னொண்டு வரும் எண்டு நினையாதை. பெண் முதல் குட்டி போட ஆறு வருசமாவது வேணும், சிலதுக்குப் பதினேழும் ஆகும். சினை 13 மாதத்துக்குக் குறையாது. ஒரே குட்டி, அடுத்ததுக்கு 3 முதல் 7 வருசம். எல்லாம் நல்லா அமைஞ்சாலும் கூட்டம் வருசத்துக்கு 5% அளவிலைதான் கூடும். நாப்பது உள்ள கூட்டத்திலை வலையிலை இரண்டு போனா அந்த வருசப் பெருக்கம் முடிஞ்சுது, மூண்டாவதோடை கூட்டம் தேயும்.

மெக்சிக்கோவிலை வாகீட்டா எண்டு ஓங்கிலின்ர (டொல்பின்) சொந்தக்காரச் சின்ன இனம். 1997இலை அறுநூறுக்குக் கிட்ட இருந்தது, இப்ப பத்தளவிலைதான். அதை ஒருத்தரும் பிடிக்கப் போகேல்லை. தோட்டுவாபா மீனுக்கு விட்ட வலையே முடிச்சுப்போட்டுது. எனக்கு இதை நினைக்கப் பயமாக்கிடக்கு.

அந்தக் காசிலை நண்டுக் கூடும் தூண்டிலும் வாங்குங்கோ. மிச்சத்தை ஒரு நிதியா வையுங்கோ: மாட்டின கடல்பன்றியை விடுவிக்க வலையை வெட்டினவருக்கு உடனே மாற்று வலை. வலை விலையை யோசிச்சுத்தான் கத்தி தயங்குது. தமிழ்நாட்டிலை உயிரோடை விட்டவைக்குப் பரிசுக் காசு குடுக்கினம், அங்கை பலன் தெரியுது.

கடல்பன்றி வலையிலை மாட்டினா என்ன செய்யிறதெண்டு பெடியளுக்குச் சொல்ல வேண்டியதையும் எழுதிறன், நீ அச்சடிச்சு அனுப்பு. எஞ்சினை நிப்பாட்டு. முதலிலை தலைப்பக்கம் வெட்டு, மூக்குத் துவாரம் தண்ணிக்கு மேலை நிக்கவேணும். பிறகு செட்டை, கடைசியா வால். வாலிலை கயிறு போட்டு இழுக்கக் கூடாது, மூக்கு தாழ்ந்து மூச்சுத் திணறும். வள்ளத்திலை ஏத்தவும் கூடாது, தன்ர பாரமே நெஞ்சை அமத்தும். உடம்பிலை ஒரு நூலும் மிஞ்சவிடாதை. வால் அடிச்சா ஆள் முறிஞ்சுபோவான், பக்கவாட்டிலை நில்.

சங்கக் கூட்டத்துக்கு முதல் பட்டியலை மாத்திப்போட்டு எனக்கு எழுது. றீற்றா அக்கா உன்னைக் கேட்டவ.

அன்புடன்,
செல்வம்