மார்கழிக் காணொளி

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் நிம்மதி. இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. உப்புவெளியில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன. மீன் விலையைக் கேட்காதே.

மார்கழி நெருங்கினால் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றும். 2004 சுனாமிக்குக் காரணம் நிலநடுக்கம் இல்லையாம், கடலடியில் வெடித்த அணுகுண்டாம். மருமகன் காட்டினான். படித்த பிள்ளை! இந்தமுறை உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். காட்டுகிற எண்கள் ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் எரிச்சல். நடுக்கத்தின் ரிக்டர் போன்ற அளவாக முதலில் சொன்ன 8.0 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் 8.5; பிறகு 9.0. “ஏன் மாற்றினார்கள்? எதை மறைத்தார்கள்?” என்று பின்னால் ஒரு கரகரத்த குரல்.

மாற்றியது உண்மைதான். பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் விட்ட முதல் அறிக்கையில் 8.0 என்றுதான் இருந்தது. ஒரு மணி நேரமளவில் அதுவே 8.5 ஆக்கியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் பிறகு 9.0 என்றார்கள், பின்வந்த ஆய்வுகள் 9.1, 9.3 வரை போயின. சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் பிளவு. அது கிழிந்து முடிய எட்டு, பத்து நிமிடம் பிடித்தது. முந்தி வரும் வேகமான அதிர்வுகளை வைத்து அளந்தால் இவ்வளவு பெரிய நடுக்கம் சிறிதாகவே தெரியும். ரயில் முழுவதும் கடந்துபோகுமுன் பெட்டிகளை எண்ணிச் சொல்வது போலத்தான்.

அந்தப் பத்து நிமிடமே குண்டுக் கதைக்கு எமன். குண்டு கண்ணிமைக்குமுன் வெடித்து முடிந்துவிடும். நடுக்கம் தொடங்கிய இடமோ கடலடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கீழே. மனிதன் இதுவரை துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது. அதுவே 12 கிலோமீற்றர் சொச்சம். குண்டை யார் இறங்கிப்போய் வைத்தது? காணொளியில் இதையெல்லாம் கத்தரித்துவிட்டார்கள்.

சொல்லி முடித்ததும், “அப்படியென்றால் நமக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை, மாமா?” என்றான். அலை இங்கே வர இரண்டு மணி நேரம் அளவில் இருந்தது. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் அடித்துப்போட்டதே, சனத்துக்குக் கோபம் வராதா? அந்தக் கோபத்தின் மேல்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

மாசியில் வருகிறாயா? டிக்கெட் போட்டதும் எழுது. வரும்போது நிலநடுக்கம் பற்றி எளிய புத்தகம் ஒன்று மருமகனுக்குக் கொண்டுவா. வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்