சேலம் கொலுசுப் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நானும் பட்டறை வீட்டில் வளர்ந்த பெண்தான். இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். என் சித்தப்பா 26 வருடம் கொலுசுக்குப் பற்ற வைத்தார், அதாவது பொடியைத் தீயில் உருக்கி வெள்ளித் துண்டுகளை ஒட்டுகிற வேலை. முகாம் போட்டபோதெல்லாம் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து, கிட்னி நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். ஒரு வருடம் எண் ஏறியது. அதற்குள் கிட்னியின் திறன் பாதிக்கு மேல் போயிருந்தது. காரணம் இதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்பே தேடியிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

சிறுநீரகத்தின் திறன் பாதியாகக் குறையும்வரைகூட கிரியேட்டினின் இயல்பாகவே இருக்கலாம். அது சொல்வது சிறுநீரகத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியின் நிலையை. பற்ற வைக்கும் பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தாலோ, முதலில் அடிபடுவது வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாய்கள். தங்கத்தில் கே.டி.எம். என்கிறோமே, அதே காட்மியம்தான். வெள்ளி உருகவே 962 டிகிரி வேண்டும். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீ கொஞ்சம் கூடினாலும் புகையாகக் கிளம்பி, குனிந்து வேலை செய்கிறவரின் மூச்சில் ஏறும். அப்புறம் சிறுநீரகத்தில் தங்கிவிடும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும்.

நுண்குழாய்ச் செல்களுக்குள் என்.ஏ.ஜி. என்றொரு நொதி உண்டு. ரத்தத்திலும் இருக்கிறது, ஆனால் உருவில் பெரியது. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. நல்ல வடிகட்டியைத் தாண்டி அது வராது. ஆகவே சிறுநீரில் கூடுதலாகத் தென்பட்டால், பெரும்பாலும் அடிபட்ட நுண்குழாய்ச் செல்களிலிருந்து கசிந்ததுதான். கிரியேட்டினின் அசையாத காலத்திலேயே இது ஏறிவிடும். ஊசி குத்த வேண்டியதில்லை, ஒரு டப்பா சிறுநீர் போதும்.

இந்த எண்ணைத் தனியாக வைத்து முடிவு கட்டக் கூடாது. சர்க்கரை நோயிலும் ஏறும், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டாலும் ஏறும். அதனால் சிறுநீரில் காட்மியம் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டப்பா வெயிலில் கிடந்தால் நொதி செத்துவிடும். இன்னொன்று, செல்கள் பெருமளவு அழிந்த பிறகு கசிவதற்கே எதுவும் இருக்காது, எண் இறங்கிவிடலாம். பழைய ஆட்களுக்குக் குறைவாக வந்தால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே ஒருமுறை எடுத்து வையுங்கள், பிறகு வருடம் தவறாமல்.

பொடி விற்பவரிடம் காட்மியம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். இல்லாமலும் பற்ற வைக்க முடியும். ஐரோப்பாவில் 2011-லேயே நகைகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். புகையை இழுக்கும் விசிறி தலைக்கு மேல் வேண்டாம், புகை முகத்தைத் தொட்டுக்கொண்டுதான் மேலே போகும். மேடையில் ஆள் உட்காரும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

எல்லாக் கூடங்களிலும் இந்தப் பரிசோதனை கிடையாது. நாலைந்து பட்டறை சேர்ந்தால் ஒன்றாக அனுப்பலாம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்து பட்டறை திறக்கும் வாரத்தில் ஒரு காலை சொல்லுங்கள். ஐஸ் பெட்டியோடு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைத் தெருப் பெண்